பொதி வந்த வழியைத் திரையிற் காட்டிய வரலாறு

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை ஒருவர் சொல்லப் புகின், "வாக்கியமோ, திருக்கணிதமோ?" என வினவுதல் யாழ்ப்பாணத்து வழக்கு. பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது ஒன்று. வானநோக்கினால் திருத்திய கணிதத்தைக் கொண்டு கணிப்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு நேரங்களைத் தருதலின், எப்பஞ்சாங்கம் எனக் கூறாது நேரத்தை மட்டும் கூறுதல் பயன்படாது. கணினிக்கு மென்பொருள் வழங்குவோரும் இதனையொத்த இடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். பதிப்பெண்ணைக் காட்டினாற் போதாது, அப்பதிப்பு எவ்வழியால் வந்தது என்பதையும் காட்டல் வேண்டும் என்பது அவர்க்குப் படிப்படியாகவே புலனாயிற்று.

1993 ஆம் ஆண்டில் இயன் மர்டொக் என்பார் டெபியன் என்னும் தொகுப்பைத் தொடங்கினார். அதன்கண் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெற்று வழங்கப்படுவன. நன்கு சோதித்தவை நிலைத்த வழியிலும், புதியன நிலையா வழியிலும் வைக்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விரண்டற்கும் இடையே சோதனை வழி அமைந்தது. ஒரே கணினி இரு வழிகளினின்றும் பொதிகளைப் பெறுதலும் இயல்வதாயிற்று. இடர் ஈண்டே தோன்றிற்று. சிறு திருத்தம் ஒன்றை வேண்டியவர், தாம் அறியாமலே நிலையா வழியினின்று ஓர் அடிப்படை நூலகத்தை வருவித்து, அதனைச் சார்ந்த பிற மென்பொருள்கள் யாவும் குலையக் காணலாம்.

ஆப்ட் என்னும் கருவியின் 'பாலிசி' கட்டளை இவ்விடருக்கு விடையாக அமைந்தது. நிறுவப்பட்ட பதிப்பு முதலிலும், நிறுவுதற்குரிய பதிப்பு அடுத்தும் காட்டப்படும். அவற்றின்கீழ்க் கிடைக்கும் பதிப்புகளெல்லாம், தத்தம் களஞ்சியத்தோடும் முன்னுரிமை எண்ணோடும் நிரல்படும். நிறுவப்பட்டதன் முன் மூன்று உடுக்குறிகள் நிற்கும். களஞ்சியத்திற்குப் பொதுவாக 500, கணினியில் ஏற்கெனவே உள்ளதற்கு 100 என்பன அவ்வெண்கள். அவை எதைக் குறிக்கின்றன என்பதை மட்டும் அத்திரை உரைப்பதில்லை! செய்தி முழுமையாக இருந்தும், கற்றார்க்கே விளங்குவது அது.

கனோனிக்கல் நிறுவனத்தின் ஸ்னாப் முறை பிற்பட்டது. 2016 ஆம் ஆண்டின் உபுண்டு வெளியீட்டோடு பரவியது. நிலைத்தது, வெளியீட்டுக்கு நிற்பது, முன்னோட்டம், விளிம்பு என நால்வகை வழிகளை அது வகுத்து, வழிக்கு ஒரு வரியாகக் காட்டுகின்றது. ஒரு வழியில் தனிப்பதிப்பு இல்லையெனில், மேல்நோக்கிய அம்புக்குறியொன்றே அவ்வரியில் நிற்கும். மேலுள்ளதே ஈண்டும் கிடைக்கும் என்பது அதன் பொருள். விளிம்பைத் தெரிந்தவர் புதியது பெற்றதாக எண்ணி ஏமாறாதபடி காக்கும் இச்சிறு குறியை யாம் பெரிதும் மெச்சுகின்றோம்.

இத்திரைகளைத் தமிழில் அமைக்கப் புகுவோர்க்கு வேறோர் இடையூறு உண்டு. 'தமிழ்' என்னுஞ் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோட்டு முறையில் ஐந்து குறிகள். யூடிஎப்-8 வடிவிற் பதினைந்து பைட்டுகள். பைட்டுகளை எண்ணி இடைவெளி நிரப்பும் நிரல்கள் பத்திகளைக் கோணலாக்கிவிடும். எழுத்தை எண்ணினும் இடர் தீராது; 'ஞௌ' போல்வன ஒரு கட்டத்துள் அடங்கா. ஆதலின், பத்திகளை நேராக்க முயலாது, வழியின் பெயரை வரியின் முதலில் வைத்துப் பதிப்பெண்ணை அதன்பின் எழுதுதலே தக்கது.

பெயரிடுதலிலும் கருத்து வேண்டும். டெபியன் 'நிலையாதது' என்றது ஓயாது மாறிவருவதையேயன்றி, இயங்குங்கால் வீழ்வதை அன்று. 'மாறிவருவது' என்றே அதனைத் திரையில் எழுதலாம்.