நீலக் காலுறை

படித்த பெண்ணை ஏளனம் செய்ய ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய சொல் 'ப்ளூ-ஸ்டாக்கிங்', அதாவது நீலக் காலுறை. இந்த அடைமொழி ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வந்தால், புத்தகம் படித்துப் பெண்மையை இழந்தவள் என்று அர்த்தம். ஆனால் அந்தக் காலுறையை முதலில் அணிந்திருந்தவர் ஓர் ஆண்.

1750களில் எலிசபெத் மாண்டேகுவும் எலிசபெத் வெசியும் லண்டனில் தங்கள் வீடுகளில் மாலைக் கூட்டங்கள் நடத்தினார்கள். அங்கே சீட்டாட்டம் இல்லை, இலக்கியப் பேச்சுதான். பெண்களும் ஆண்களும் சமமாக உட்கார்ந்து பேசினார்கள். விருந்துக்குப் பட்டுக் காலுறை அணிவது அன்றைய வழக்கம். தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட்டோ, அன்றாடம் போடும் நீலக் கம்பளிக் காலுறையோடு வந்தார். அவரை வைத்துத்தான் கூட்டத்துக்கே இந்தப் பெயர் வந்தது என்கிறார் பாஸ்வெல். அப்போது அது நண்பர்களுக்குள் வழங்கிய செல்லப் பெயர். ஆண்களையும் சேர்த்தே குறித்தது.

இந்தப் பெண்கள் பேச்சோடு நிற்கவில்லை. எலிசபெத் கார்ட்டர் கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டஸை மொழிபெயர்த்து 1758இல் வெளியிட்டார். வால்டேரின் தாக்குதலுக்கு எதிராக ஷேக்ஸ்பியருக்காக வாதாடிய மாண்டேகுவின் நூல் 1769இல் வந்தது, முதலில் ஆசிரியர் பெயர் இல்லாமல்.

பெண்கள் எழுதி, அச்சேற்றி, பணமும் பெயரும் சம்பாதிக்கத் தொடங்கியபின் சொல்லின் தொனி மாறியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய அச்சத்தில், கருத்துச் சொல்லும் பெண் ஆபத்தானவளாகத் தெரிந்தாள். பைரன் நையாண்டி எழுதினார். ஹாஸ்லிட் தன் வெறுப்பை வெளிப்படையாகவே எழுதினார். பிரான்சில் 1844இல் டோமியே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், தாய் எழுத்தில் மூழ்கியிருக்கிறாள். குழந்தை குளியல் தொட்டிக்குள் தலைகீழாகக் கிடக்கிறது. வீட்டைக் கவனிக்காதவள் என்ற அந்தக் குற்றச்சாட்டு, எழுதும் ஆண் எவர் மீதும் விழவில்லை.

அந்த வசையையே விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் ஜப்பானியப் பெண்கள். 1911 செப்டம்பரில் ஹிரட்சுகா ராய்ச்சோவும் தோழிகளும் தொடங்கிய இலக்கிய இதழின் பெயர் 'செய்தோ'. நீலக் காலுறை என்பதன் ஜப்பானிய வடிவம் அது. காதல், திருமணம், கருக்கலைப்பு, பாலியல் தொழில் ஆகியவற்றைப் பற்றி அதில் பெண்கள் எழுதினார்கள். அரசு சில இதழ்களைத் தடை செய்தது. 1916இல் இதழ் நின்றபோது அதன் ஆசிரியராக இருந்தவர் இதோ நோயே; 1923இல் ராணுவக் காவலர்கள் அவரைக் கொன்றார்கள். படித்துப் பேசிய பெண்ணுக்கு ஏளனம் மட்டுமே தண்டனையாக இருந்ததில்லை.