தொலைநிலை நிர்வாக மென்பொருள்: வசதியும் அபாயமும்

வழங்கிக் கணினிகளை வேறிடத்திலிருந்தே கண்காணித்துப் பராமரிக்க உதவுபவை தொலைநிலை நிர்வாக மென்பொருட்கள். ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்படும் 'ஏஜென்ட்' என்ற சிறு நிரல், அதன் நினைவகம், வட்டு, சேவைகள் ஆகியவற்றின் நிலையை மைய வழங்கிக்குத் தெரிவிக்கிறது. அங்கிருந்து வரும் கட்டளைகளை உயர் அதிகாரத்துடன் நிறைவேற்றுகிறது.

இந்த அதிகாரமே 2021 ஜூலை 2ஆம் தேதி ஆயுதமானது. அமெரிக்காவின் கஸேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ மென்பொருளில் இருந்த குறைபாடுகள் வழியாக, ரீவில் என்ற குழு, கோப்புகளை முடக்கிப் பணம் பறிக்கும் நிரலை வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியது. ஏஜென்டின் கோப்புறையை வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதிக்காமல் விடும் வழக்கமும் இதற்கு உதவியது.

சுமார் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனின் கூப் அங்காடி நிறுவனம் விஎஸ்ஏயை நேரடியாகப் பயன்படுத்தவில்லை. ஆனால் அதன் பணம் வாங்கும் இயந்திரங்களைப் பராமரித்த நிறுவனம் பயன்படுத்தியது. இதனால் கூப்பின் சுமார் 800 கிளைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ரீவில் கோரிய தொகை 7 கோடி டாலர்.

நெதர்லாந்தின் தன்னார்வ ஆய்வாளர்கள் இக்குறைபாடுகளை அவ்வாண்டு ஏப்ரலிலேயே கஸேயாவிடம் தெரிவித்திருந்தனர். சில திருத்தப்பட்டன, எஞ்சியவை திருத்தப்படுமுன் தாக்குதல் நிகழ்ந்தது.

எனவே மைய வழங்கியை இணையத்தில் திறந்து வைக்காமல் விபிஎன் வழியாக மட்டுமே அணுகுவதும், கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதும், திருத்தங்களை உடனே நிறுவுவதும் அவசியமாகின்றன. காப்புப் பிரதிகளை அம்மென்பொருளால் எட்ட முடியாத இடத்தில் வைப்பதும் அவற்றுக்கு இணையாக முக்கியமானது.