பிளாட்ஹெட் கெளுத்திக்கு எந்த இரை பெஸ்ட்? கோழி ஈரல் ஏன் வேலைக்கு ஆகாது?

கெளுத்திக்குத் தூண்டில் போடணும்னா மண்புழு, இல்லைன்னா கோழிக்குடல். நாற்றம் எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு நல்லது. நம்ம ஊர் ஏரிக்கரையில் சொல்லும் இந்தக் கணக்கு அமெரிக்காவிலும் பாதி சரிதான். அங்கே அதிகம் பிடிபடும் சேனல் கெளுத்தி, கோழி ஈரலுக்கும் கடையில் விற்கும் நாற்றப் பசைக்கும் நன்றாகவே வரும். ஆனால் அதே ஆற்றில் இருக்கும் பிளாட்ஹெட் கெளுத்தியிடம் இந்தக் கணக்கு எடுபடாது. இதற்கு உயிரோடு துடிக்கும் மீன் வேண்டும்.

அந்த உயிர் மீனை எங்கே பிடித்தீர்கள், மிச்சத்தை எங்கே கொட்டினீர்கள் என்பதில்தான் பெரிய சிக்கலே இருக்கிறது. முழு விவரத்தைப் பார்க்கலாம்.

பிளாட்ஹெட் எப்படி இருக்கும்?

பெயரிலேயே இருக்கிறது, தட்டையான அகலத் தலை. கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் நீண்டிருக்கும். வால் மற்ற கெளுத்திகள் போல ஆழமாகப் பிளந்திருக்காது. மஞ்சளும் பழுப்பும் கலந்த திட்டுத்திட்டான நிறம். மிசிசிப்பி, மிசௌரி, ஓஹையோ ஆறுகள்தான் இதன் சொந்த ஊர்.

சைஸ் சாதாரணம் இல்லை. உலக சாதனை மீன் 1998 மே மாதம் கான்சாஸ் மாநிலத்தின் எல்க் சிட்டி நீர்த்தேக்கத்தில் பிடிபட்டது. எடை 123 பவுண்டு, அதாவது சுமார் 56 கிலோ. இதில் வேடிக்கை என்னவென்றால், பிடித்த கென் பாலி பிளாட்ஹெட்டைத் தேடியே போகவில்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காகக் குட்டி மீனைக் கோத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்து நாமும் குட்டி மீனோடு போனால் சரிவராது, அது அதிர்ஷ்டக் கணக்கு.

ஏன் உயிர் மீன்?

குஞ்சாக இருக்கும்போது பிளாட்ஹெட் பூச்சிப் புழுக்களையும், இறால் மாதிரி இருக்கும் கிரேஃபிஷையும் தின்னும். வளர்ந்த பிறகு முக்கிய உணவு மீன்தான். பகலில் விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளுக்குள்ளும் கரை அரித்த பள்ளங்களிலும் பதுங்கும். இருட்டிய பிறகு வேட்டைக்குக் கிளம்பும். பயந்து துடிக்கும் மீன் தண்ணீரில் கிளப்பும் அதிர்வை உடலின் பக்கக்கோட்டு உணர்வால் பிடித்துவிடும். நம்ம ஊரில் விராலுக்கு உயிர்த் தவளையைக் கோத்துப் போடுகிறார்களே, அதே தத்துவம்.

அப்போ எந்த மீன்?

முதல் சாய்ஸ், புளூகில் அல்லது கிரீன் சன்ஃபிஷ். பார்க்க நம்ம ஜிலேபி மீன் மாதிரி தட்டையாக இருக்கும். அந்த ஆறுகளில் பிளாட்ஹெட் வழக்கமாகத் தின்னும் மீன்களில் ஒன்று, முள்ளில் கோத்தாலும் வெகுநேரம் தாங்கும். 10 முதல் 20 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். பெரிய மீன்தான் வேண்டும் என்றால் பெரிய இரை போடுங்கள், சின்ன மீன்கள் வந்து தொல்லை செய்வதும் குறையும்.

அடுத்தது புல்ஹெட் என்ற சின்னக் கெளுத்தி. ஆமாம், கெளுத்திக்குக் கெளுத்தியே இரை! லேசில் சாகாது, ராத்திரி முழுக்கத் துடிக்கும். ஷேட் என்ற வெள்ளி நிற மீனும் நல்ல இரைதான், ஆனால் முள்ளில் கோத்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். அதை வெட்டிப் போடுவது நல்லது. பிளாட்ஹெட் செத்ததைத் தொடவே தொடாது என்று சிலர் சொல்வது உண்மை இல்லை. அப்போதே வெட்டிய துண்டை எடுக்கும். ஐஸில் கிடந்து நாறியதை எதிர்பார்க்காதீர்கள்.

கோப்பது எப்படி?

உதட்டிலோ, முதுகுத் துடுப்புக்குப் பின்னாலோ முள்ளைக் குத்தலாம். முதுகெலும்பில் பட்டால் இரை துடிக்காது, அவ்வளவுதான் கதை. முள் 7/0 முதல் 10/0 வரை இருக்கட்டும். வட்ட முள் என்றால் மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும்வரை பொறுத்தால் முள் தானாக வாயோரத்தில் மாட்டும். ஈயக்குண்டு நரம்பில் வழுக்கி ஓடும்படி இருந்தால் மீனுக்குச் சந்தேகம் வராது.

எந்த இரைக்கும் மசியாத காலம் உண்டா?

உண்டு. கடும் குளிரில் அடியில் அசையாமல் கிடக்கும். கோடை தொடக்கத்தில், தண்ணீர் சுமார் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முட்டையிடும். அப்போது ஆண் மீன் பொந்தைவிட்டு நகராது, சாப்பாட்டிலும் கவனம் இருக்காது. ஒக்லஹோமாவில் வெறுங்கையைப் பொந்துக்குள் விட்டுப் பிடிக்கிறார்களே, அந்த ‘நூட்லிங்’ நடப்பது இந்தச் சமயத்தில்தான். கையைக் கவ்வுவது பசியில் இல்லை, முட்டையைக் காக்க.

பக்கெட்டில் மிச்சம் இருக்கும் மீனை என்ன செய்வது?

ஆற்றில் கொட்டாதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி. வேறு குளத்தில் பிடித்த மீனோடு அந்தக் குளத்து நோயும், தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத லார்வாக்களும் வரும். இன்னொரு ஆபத்து, ஆசியாவிலிருந்து போய் அமெரிக்க ஆறுகளை நிறைத்திருக்கும் வெள்ளிக் கெண்டையின் குஞ்சு. பார்க்க அச்சு அசல் ஷேட் மாதிரியே இருக்கும். தெரியாமல் பக்கெட்டில் அள்ளி வேறு ஏரியில் விட்டால், பிறகு எடுக்கவே முடியாது.

கொஞ்சம் மீன் என்ன செய்துவிடும் என்று தோன்றுகிறதா? பிளாட்ஹெட்டின் கதையையே பாருங்கள். 1966-ல் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் 11 பிளாட்ஹெட்டுகளை விட்டார்கள். விட்டது வேறு யாருமில்லை, வனவிலங்குத் துறையின் உயிரியலாளர்களே! 15 வருடத்துக்குள் ஆற்றில் சுமார் 200 கி.மீ. தூரத்துக்குப் பரவி, மற்ற மீன்களைத் தின்னும் முதன்மை வேட்டைக்காரனாக மாறிவிட்டன. ஜார்ஜியாவின் அல்டமஹா ஆற்றில் இது நுழைந்த பிறகு ரெட்பிரெஸ்ட் சன்ஃபிஷும் புல்ஹெட்டும் சரிந்தன. அதே மாநிலத்தின் சட்டில்லா ஆற்றில் மின்சாரம் பாய்ச்சிப் பிடித்து அகற்றுகிறார்கள். சொந்த ஊரில் மதிப்பான மீன், அடுத்த ஊரில் அழிக்க வேண்டிய மீன். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நமக்குத் தெரிந்த உதாரணம்.

அதனால் இரை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் புளூகில்லை இரையாகப் போடலாம். கான்சாஸில் நீங்களே பிடித்த இரை மீனைப் பொதுவாகப் பிடித்த நீர்நிலையிலேயே பயன்படுத்த வேண்டும், சில விதிவிலக்குகள் உண்டு. லைசென்ஸ் எடுக்கும்போதே அந்த மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் இரை விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூண்டில் போடும் இடத்திலேயே இரையையும் பிடிப்பதுதான் பாதுகாப்பான வழி, மீனுக்கும் பழகிய சாப்பாடு. வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தது மிச்சமானால் கவரில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பக்கெட் தண்ணீரை ஆற்றிலிருந்து தள்ளி, காய்ந்த தரையில் ஊற்றுங்கள்.