பரதேசிகளும் விடுவிக்கப்பட்டோரும்: கொச்சி ஜெப ஆலயத்துக்குள் ஓர் அறப்போர்

தமிழில் இன்று ‘பரதேசி’ என்பது வசைச்சொல். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அதே சொல் நான்கு நூற்றாண்டுகளாக மேன்மையின் அடையாளமாக இருந்தது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டுப் பல நாடுகளின் வழியே வந்து சேர்ந்த யூத வணிகக் குடும்பங்களும், பின்னர் மேற்காசியாவிலிருந்து வந்து அவர்களோடு கலந்தவர்களும் தம்மைப் ‘பரதேசி யூதர்’ என அழைத்துக்கொண்டனர். 1568இல் அவர்கள் எழுப்பிய ஆலயத்தின் பெயரும் பரதேசி ஜெப ஆலயம்தான். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அக்கரையில் வேரூன்றியிருந்த மலபார் யூதர்களை அவர்கள் தமக்கு நிகராக ஏற்றதில்லை. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு, பரதேசிகள் வருவதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் முற்பட்டது. அது பாதுகாக்கப்பட்டு வந்த இடமோ பரதேசிகளின் ஆலயம்!

இவ்விரு பிரிவினரைத் தவிர மூன்றாம் பிரிவு ஒன்றும் அங்கே இருந்தது. பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து யூத நெறிக்குள் வந்து விடுதலை பெற்றவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ‘மெஷுஹ்ராரிம்’ எனப்பட்டனர். எபிரேய மொழியில் விடுதலையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. ‘விடுவிக்கப்பட்டோர்’ என்பது இதன் நேர்ப்பொருள். செயப்பாட்டு வடிவத்தில் அமைந்த இச்சொல், விடுவித்தவர் ஒருவர் உண்டு என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும். பாட்டியார் விடுதலை பெற்று நூறு ஆண்டு கழிந்த பின்னும் பேரன் ‘விடுவிக்கப்பட்டவன்’ ஆகவே அழைக்கப்பட்டான். விடுதலையைச் சொல்லும் சொல்லே விலங்காக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மொழிவரலாற்றில் அரிதாகவே கிடைக்கும்.

மெஷுஹ்ராரிம் பரதேசி ஆலயத்தின் உறுப்பினர்களாக ஒருபோதும் முழுமையாக ஏற்கப்படவில்லை. வழிபாட்டில் அவர்களுக்குத் தாழ்ந்த இடமே ஒதுக்கப்பட்டது. பெரியோர் அமரும் இருக்கைகளில் அவர்கள் அமர இயலாது. தோரா வாசிப்புக்கு எழுந்து செல்லும் பெருமையும் மற்றவர்களைப் போல் அவர்களுக்குக் கிட்டவில்லை. பரதேசிகளின் இடுகாட்டில் அவர்களுக்கு இடமில்லை. பரதேசிக் குடும்பங்களோடு மண உறவும் இல்லை.

யூதச் சமயச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. முறையான சடங்கு நீராடலுக்குப் பின் விடுதலை பெற்றவர் முழு யூதர். மண உறவுக்கும் தடையில்லை. இதை வேற்றூரார் எடுத்துச் சொல்லவும் செய்தனர். கொச்சி யூதரிடையே நிலவிய பிளவு குறித்து 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்துக்குக் கேள்வி சென்றது. கெய்ரோவின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் டேவிட் இப்னு சிம்ராவும், அவருக்குப்பின் யாக்கோபு காஸ்ட்ரோவும் நீராடலுக்குப் பின் வேற்றுமை பாராட்டலாகாது என்றே தீர்ப்பளித்தனர். தீர்ப்பு கடல் கடந்து வந்தது, வழக்கம் அசையவில்லை. தூய்மை, தீட்டு, பந்தி, இடுகாடு என எல்லாவற்றையும் பிறப்பால் பிரித்துவைத்த ஒரு நிலத்தில், சமயநூலைவிட அண்டை வீட்டாரின் பழக்கமே வலிமையான சட்டமாக இருந்தது.

இந்த மூன்றாம் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். (நம் சேலம் நகருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.) தாயாரால் மட்டுமே வளர்க்கப்பட்டவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றபின் சென்னைக்கு வந்து இளங்கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். அவருடைய பிரிவில் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. கொச்சி யூதரில் முதல் வழக்கறிஞரும் அவரே. ஊர் திரும்பி எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சமஸ்தானத்தின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். கேரளத்தில் அப்போதுதான் தலையெடுத்த தொழிற்சங்க இயக்கத்துக்குத் துணைநின்றார். 1929 இறுதியில் லாகூரில் கூடி முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சமூகத் தொண்டருக்கு முறைப்படி தலைமைப் பயிற்சி அளிக்கும் அமைப்புகள் இன்று உலகெங்கும் யூதச் சமூகங்களில் உண்டு. சேலத்துக்கு அப்படியொரு பள்ளி வாய்க்கவில்லை. நீதிமன்றமும் சட்டமன்றமும் தொழிற்சங்க மேடையும் காங்கிரஸ் பந்தலுமே அவருடைய பயிற்சிக்கூடங்கள். சுற்றுப்புறமும் ஒரு பயிற்சிக்கூடமாக இருந்தது. கொச்சிக்குத் தெற்கே, வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை கேட்டு, முதல் நாளில் மூன்று தொண்டர் தடைக்கோட்டை நோக்கி நடந்து கைதாயினர். நாள்தோறும் முறைவைத்துச் செல்வது, அடித்தால் திருப்பி அடிக்காமலிருப்பது, முகாமில் நூல் நூற்பது என ஓர் ஒழுங்கு உருவானது. அவ்வாண்டுப் பெருவெள்ளத்தில் தொண்டர்கள் கழுத்தளவு நீரில் நின்ற செய்தியும், ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறைப்பட்ட செய்தியும் தமிழர் அறிந்தவையே.

அப்போராட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் உண்டு. தலைமையேற்க முன்வந்த ஜார்ஜ் ஜோசப் என்னும் கிறிஸ்தவ வழக்கறிஞரை, இது இந்துக்கள் தாமே செய்ய வேண்டிய பிராயச்சித்தம் என்று கூறி ஒதுங்கியிருக்கும்படி காந்தி எழுதினார். அந்த அறிவுரையில் வாதிட இடமுண்டு. தீண்டாமையை ஒரு சமயத்தின் வீட்டுச் சிக்கலாகச் சுருக்கிவிடுகிறது என்ற குறை நியாயமானதே. ஆயினும் அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அதை மிகச் சரியாக நிறைவேற்றியவர்களுள் ஒருவர் கொச்சியின் இந்த யூத வழக்கறிஞர். நாட்டின் மேடைகளில் கற்ற போர்முறையைத் தன் சொந்த ஆலயத்தின் வாசலுக்கு அவர் கொண்டுவந்தார்.

அவருடைய வழி அறப்போர். சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார்; சத்தியாகிரகம் நடத்தினார். வழக்கறிஞர் ஒருவர் இவ்வழியைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. சொத்தையும் கணக்கையும் நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் நகர்ந்து இடம் தரும்படி ஆணையிட இயலாது. ஆனால் இச்சிறிய களத்தில் சத்தியாகிரகத்துக்கும் ஓர் இடர் இருந்தது. வைக்கத்தில் தொண்டரைத் தடுத்தது காவல்துறை. தடுத்த செய்தி நாளிதழ்களில் பரவியது. மட்டாஞ்சேரியிலோ தடுப்பவரும் தடுக்கப்படுபவரும் ஒரே தெருவின் வீட்டுக்காரர். ஒரே பண்டிகை, ஒரே உணவு விதி. வர வேண்டாம் என்று கருதப்பட்டவர் வராமலிருந்தால் மற்றவர்க்கு இழப்பில்லை. ஆகவே புறக்கணிப்பைவிட, விலகாமல் திரும்பத் திரும்ப வந்து நிற்பதே கடினமானதும் பயன்தந்ததுமான பணி என்று கொள்ள வேண்டும்.

1930களில் கொச்சிக்கு வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம், பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டதைப் பதிவு செய்தார். சேலத்தின் போராட்டத்தோடு காலத்தின் காற்றும் சேர்ந்துகொண்டது. 1936இல் திருவிதாங்கூர் தன் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. கொச்சி சமஸ்தானமோ நாடு விடுதலை பெறும் காலம்வரை தயங்கியது. அரசு தன் கோயில்களைத் திறக்காத ஊரில், அதன் நடுவே இருந்த ஒரு ஜெப ஆலயத்தில் இருக்கைகள் முன்னதாகவே விட்டுக்கொடுக்கத் தொடங்கின.

திருமணம் மட்டும் அவ்வளவு எளிதில் வழிவிடவில்லை. 1950இல் சேலத்தின் மகன்களில் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்த மணம் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில் நடந்தது. இருக்கையில் தொடங்கிய வழக்கு மணவறையை எட்டுவதற்குள் ஒரு தலைமுறை கடந்திருந்தது.

இதற்கிடையே சேலத்தின் பார்வை வேறொரு திசையிலும் சென்றது. 1933இல் பாலஸ்தீனம் சென்று வந்தபின் சியோனியத்தில் ஈடுபாடு கொண்டார். இந்திய விடுதலைக்கும் யூதத் தாயகக் கனவுக்கும் ஒரே நெஞ்சில் இடமளித்தது அக்காலத்துக்கே உரிய முரண். இஸ்ரேல் உருவானபின் மலபார் யூதர் பெருந்திரளாகப் புறப்பட விரும்பினர். ஆனால் யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி அந்நாட்டு அதிகாரிகள் அவர்களை ஏற்கத் தயங்கினர். ஓர் ஆலயத்தின் உள்ளே இடம் கேட்டவர், இப்போது ஒரு நாட்டின் வாசலில் தன் மக்களுக்கு இடம் கேட்டு நின்றார். 1953இல் இஸ்ரேல் சென்று அவர்கள் சார்பில் பேசினார். 1955க்குள் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டுவிட்டனர். பல ஊர்களின் ஜெப ஆலயங்கள் பூட்டப்பட்டன.

எல்லாரையும் அனுப்பிவைத்த சேலம் கொச்சியிலேயே தங்கி, 1967இல் அங்கேயே காலமானார். மறு ஆண்டு டிசம்பரில் பரதேசி ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. ஆலயம் நிற்கும் யூதத் தெருவுக்கு இப்போது ஏ. பி. சேலம் சாலை என்று பெயர்.