ஒரே கார்டில் கமலா கான்



இஸ்லாத்தைத் தழுவிய எழுத்தாளரான ஜி. வில்லோ வில்சன் 2014இல் எழுதத் தொடங்கிய மார்வெல் காமிக்ஸ் தொடரின் நாயகி கமலா கான். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை. சக்தி கிடைத்ததும் முதலில் பொன்னிற முடி வெள்ளைக்காரியாகவே உருமாறினாள். பிறகுதான் சொந்த முகத்தோடு நின்றாள்.

2019இல் வந்த ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ கார்ட் விளையாட்டு இதை மறக்கவில்லை. அவளது கார்டின் ஒரு பக்கம் மிஸ் மார்வெல். திருப்பினால் வீட்டுப்பிள்ளை கமலா. மார்க்கப்பற்றுள்ள நானா ஆமிர், ஹிஜாப் அணியும் தோழி நகியா, நண்பன் புரூனோ எல்லோருமே அவளுக்குத் துணைக் கார்டுகள். வீட்டாரை ஒதுக்கினால் விளையாட்டில் அவள் பலமும் குறையும்.

எமது பிள்ளைகளும் முன்னேற முகத்தை மாற்றத் தேவையில்லை. வீட்டில் நாம் துணையாக இருக்கிறோமா என்பதே கேள்வி.