கம்பனி கைவிட்ட அக்சில்

காரைப் பற்றிக் கதை தொடங்கினால் எல்லாரும் கேட்பது எஞ்சினைத்தான். எத்தனை சிசி, எத்தனை குதிரைவலு, நூறைத் தொட எத்தனை செக்கன். காருக்கு அடியில் ஒயிலும் புழுதியும் பிடித்துக் கிடக்கிற பின் அக்சிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அமெரிக்க வேகக் கார்களின் வரலாற்றைப் படிக்கப் போய்த்தான் அந்த அக்சிலிடம் வந்து நின்றோம். 1957 இல் ஃபோட் கம்பனி அறிமுகப்படுத்தி, 1986 இல் கைவிட்ட ஒரு அக்சில் இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படுகிறது. செய்வது ஃபோட் அல்ல. அப்படியென்றால் அதை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது யார்?

முதலில் அதன் வேலையைப் பார்ப்போம். எஞ்சினிலிருந்து நீளமாக வரும் தண்டின் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டு பின் சில்லுகளுக்கும் கொடுப்பது அக்சில். வளைவில் வெளிச் சில்லு கூடத் தூரம் ஓடவேண்டும், உள் சில்லு குறைய ஓடவேண்டும். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிற பற்சில்லுத் தொகுதிதான் டிஃபரன்ஷல். பிரான்சைச் சேர்ந்த ஒனெசிபோர் பெக்கர் 1827 இல், பெற்றோல் காரே இல்லாத காலத்தில், நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை எடுத்தார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, முடிந்தது. ஆனால் பொருளின் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கம்பனி கொடுத்த அக்சிலை மாற்றுவது வேகப் பைத்தியங்கள் தொடங்கிய வேலையும் அல்ல. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோட் மொடல் டி காரில் முன்னோக்கிப் போக இரண்டே கியர்கள்தான். மேட்டில் திணறும், பாரம் ஏற்றினால் இன்னும் திணறும். அதற்கு மருந்தாக வந்ததுதான் ரக்ஸ்டெல் அக்சில். பின் அக்சிலுக்குள்ளேயே இன்னொரு கியர் இறக்கம் வைத்த வெளிக் கம்பனித் தயாரிப்பு அது. ஃபோட்டே அதை அங்கீகரித்து, தன் விற்பனையாளர்கள் ஊடாக விற்றது.

பிறகு வேகம் வந்தது. 1930களில் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரித் தரைகளில் இளைஞர்கள் பழைய ஃபோட் கார்களை இழைத்து ஓட்டினார்கள். அங்கே தூரம் தாராளம். வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றலாம் என்பதால் அக்சிலுக்குப் பெரிய அடி விழவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளையாட்டே மாறியது. நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது சுமார் 402 மீற்றர். யார் முதலில் போகிறார்? இதுதான் டிராக் பந்தயம். 1951 இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹொட் ரொட் சங்கம் இதற்கு விதிகள் எழுதியது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. முதல் கியர் 2.5 மடங்கு, அக்சில் 4 மடங்கு என்றால் எஞ்சினின் முறுக்குவிசை பத்து மடங்காகிப் பின் சில்லுகளுக்குப் போகும். ரயர் வழுக்கினால் அந்த விசையில் ஒரு பங்கு புகையாகப் போய்விடும். ஆனால் பந்தயத்துக்கென்றே அகலமான, ஒட்டிப் பிடிக்கிற ரயர்கள் வந்த பிறகு வழுக்கல் குறைந்தது. அடி முழுக்க அக்சிலில் இறங்கியது. எஞ்சினைப் பெருப்பித்தவர்கள் அடுத்ததாக உடைந்த அக்சில்களைக் கழற்றத் தொடங்கினார்கள்.

இந்த நேரத்தில் வந்ததுதான் ஃபோட்டின் ஒன்பது அங்குல அக்சில். உள்ளே இருக்கிற பெரிய வளையப் பற்சில்லின் விட்டம் சுமார் 9 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். அதைச் சுழற்றுகிற சின்னப் பற்சில்லு, அதாவது பினியன், மையத்துக்கு நன்றாகக் கீழே இருக்கும். அதனால் ஒரே நேரத்தில் கூடுதலான பற்பரப்பு தொட்டுக்கொள்கிறது, பலம் கூடுகிறது. உராய்வும் கூடும், கொஞ்சம் சக்தி வீணாகும், அது வேறு கதை. பினியனின் நுனியைத் தாங்க ஒரு மேலதிக பெயாரிங்கும் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பற்சில்லுத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாக ஒரே துண்டாகக் கழற்றி எடுக்கலாம். வேறு விகிதத்தில் இன்னொன்றை மேசையில் வைத்துத் தயார் பண்ணி, பந்தயத்துக்கு முதல் மாற்றிப் பூட்டலாம்.

ஃபோட் இதைப் பந்தயத்துக்காகச் செய்யவில்லை. குடும்பக் கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் ஓடத்தான் செய்தது. அதைப் பந்தயப் பொருளாக்கியவர்கள், பழைய கார் உடைக்கிற யார்ட்டுகளில் அலைந்தவர்கள். வார்ப்பில் ‘என்’ எழுத்து இருந்தால் அது பலமான இரும்பு என்று அவர்களுக்குத் தெரியும். 1977 முதல் 1980 வரை விற்ற லிங்கன் வெர்சாய் என்ற சொகுசுக் கார் மக்களிடம் எடுபடவில்லை. ஆனால் யார்ட்டுக்கு வந்த பிறகு அதற்கு மவுசு. டிஸ்க் பிரேக்கோடு வந்த அதன் ஒன்பது அங்குல அக்சிலின் அகலம் பழைய மஸ்டாங்குக்கு அளவாக இருந்தது.

வாங்கினால் மட்டும் போதாது, பூட்டவேண்டும். வேறு காரின் அக்சில் என்றால் குழாயை வெட்டி அகலத்தைக் குறைக்கவேண்டும், ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டிங் பண்ணவேண்டும். வெல்டிங் சூட்டில் குழாய் வளையும், திரும்ப நேராக்கவேண்டும். முடுக்கும்போது பினியனின் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும் என்பதால், இலை ஸ்பிரிங் கார்களில் அதைச் சற்றுக் கீழே சாய்த்து வைப்பார்கள். பற்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் கால்வாசி அளவில் இருக்கவேண்டும். பற்களில் மஞ்சள் பசை பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழாவிட்டால் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துத் திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடத்தை வாசிக்கிற கண் புத்தகத்தால் மட்டும் வராது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும்.

பூட்டிய பிறகும் பொறுமை வேண்டும். முதல் ஓட்டம் பதினைந்து, இருபது நிமிடம், அதுவும் மெதுவாக. பிறகு முழுதாக ஆறவிடவேண்டும். இப்படிச் சில தடவைகள் ஓடி, முதல் 500 மைலில் ஒயிலை மாற்றவேண்டும். வடிகிற ஒயிலில் மெல்லிய இரும்புத் தூள் வந்தால் பயமில்லை. துண்டு துண்டாக வந்தால் திறந்து பார்க்கவேண்டும்.

இது வெறும் ஆசை விளையாட்டும் அல்ல. ஜெனரல் மோட்டர்ஸின் பல கார்களில் அக்சில் தண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ‘சி’ வடிவச் சின்னக் கிளிப் ஒன்றுதான். தண்டு உடைந்தால் சில்லு அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடும், ஓட்டத்திலேயே. ஒன்பது அங்குல அக்சிலிலோ தண்டை வெளி நுனியில் தகடும் போல்ட்டும் பிடித்திருக்கும். கால் மைலை 10.99 செக்கனிலோ அதைவிட வேகமாகவோ முடிக்கிற கார்களுக்கு, மாற்று அக்சில் தண்டும் அது வெளியே வராமல் தடுக்கிற அமைப்பும் கட்டாயம் என்று சங்கத்தின் விதியே சொல்கிறது. அளவாக இருக்கிற ஒரு தகடும் ஒழுங்காக இறுக்கிய நான்கு போல்ட்டும் ஒரு உயிர்.

ஃபோட் கைவிட்ட பிறகு கர்ரி, மோசர், ஸ்ட்ரேஞ்ச், மார்க் வில்லியம்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் அந்த அக்சிலைத் தொடர்ந்தன. பழைய கூடு தீர, புதுக் கூடு செய்தார்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் செய்தார்கள். இன்றைக்கு ஃபோட் தொட்டேயிராத ஒரு முழு ‘ஃபோட் ஒன்பது அங்குலம்’ வாங்கலாம். நாஸ்கார் முதன்மைத் தொடரில் 2022 இல் புதுக் கார் வரும்வரை, செவர்லேயும் ரொயோட்டாவும்கூட ஃபோட்டின் அந்த வடிவமைப்பில்தான் ஓடின. ஃபோட்டை வெல்ல ஃபோட்டின் அக்சில்!

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதாமல் பாவனையின் வரலாறாக எழுதவேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் சொல்கிறார். அதை வகுப்பில் வாசித்தபோது எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. இந்த அக்சிலைப் பின்தொடர்ந்த பிறகு வடிவாக விளங்குகிறது. பெக்கரின் பெயர் காப்புரிமையில் இருக்கிறது, ஃபோட்டின் பெயர் அக்சிலிலேயே ஒட்டியிருக்கிறது. குழாயை வெட்டி நேராக்கியவர்கள், மஞ்சள் பசையின் தடத்தைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போகவேணும்’ என்று சொன்னவர்கள், இவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் 1986 இல் முடிந்திருக்கவேண்டிய கதை முடியாமல் போனது அவர்களால்தான். அடுத்த முறை ஒரு பொருளின் வரலாற்றை எழுத உட்காரும்போது, ‘இதை யார் கண்டுபிடித்தார்’ என்பதோடு ‘இது உடைந்தபோது யார் திருத்தினார்’ என்றும் கேட்டுப் பார்ப்போம்.