எரிபொருள் கலப் பீங்கான்கள்

எரிபொருள் கலப் பீங்கான்கள், உயர் வெப்பத்தில் அயனிகளைக் கடத்தி எலக்ட்ரான்களைத் தடுக்கும் ஆக்சைடுகள். திட ஆக்சைடு எரிபொருள் கலத்தில் ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் எரிவாயுவும் பாயும். நடுவில் மின்பகுளியாக இருக்கும் பீங்கான் படலம் ஆக்சிஜன் அயனிகளை மட்டும் கடக்க விடுவதால், எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றில் ஓடி மின்சாரம் ஆகின்றன. புதிய பீங்கான் ஒன்று வந்தால் அதன் கடத்துதிறன் எவ்வளவு என்பதே முதல் கேள்வியாக இருந்துவருகிறது. ஆனால் ஒரு கலம் நிலைப்பதும் வீழ்வதும் பெரும்பாலும் வேறொன்றைப் பொறுத்தவை: தன்னைச் சூழ்ந்த வாயுக்களில் அந்தப் பீங்கான் சிதையாமல் இருக்கிறதா என்பதே அது.

துறையின் வரலாறே இதற்குச் சான்று. இட்ரியா கலந்த சிர்க்கோனியாவை வால்டர் நெர்ன்ஸ்ட் 1890-களின் இறுதியில் விளக்கிழையாகப் பயன்படுத்தினார். 1937இல் எமில் பவுரும் ஹான்ஸ் பிரைசும் சிர்க்கோனியாவைக் கொண்டு எரிபொருள் கலம் இயக்கிக் காட்டினர். கடத்துதிறனில் பிஸ்மத் ஆக்சைடு இதை எளிதில் விஞ்சும். ஆயினும் ஹைட்ரஜன் பட்டால் அது உலோகமாக ஒடுங்கிவிடும். சீரியாவும் அதே சூழலில் ஓரளவு ஒடுங்கி எலக்ட்ரான்களைக் கசியவிடும். எனவே தொழில்துறை சிர்க்கோனியாவையே பற்றிக்கொண்டது. அதன் குறையை ஈடுகட்ட வழியும் இருந்தது. கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.01 சீமென்ஸ் என்றாலும், படலத்தை 10 மைக்ரோமீட்டராக மெலிதாக்கினால் மின்தடை சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 0.1 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கடத்துதிறன் குறைந்தால் படலத்தை மெலிதாக்கலாம். பொருளே சிதைந்தால் அதற்கு மாற்று இல்லை.

ஆக்சிஜன் அயனிகளுக்குப் பதிலாகப் புரோட்டான்களைக் கடத்தும் பீங்கான்களிலும் இதே கதை நடந்தது. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயசு இவஹாரா 1981இல் ஸ்ட்ரான்சியம் சீரேட்டில் இப்பண்பைக் காட்டினார். பின்னர் வந்த பேரியம் சீரேட் இன்னும் நன்றாகக் கடத்தியது. ஆனால் கார்பன் டை ஆக்சைடில் பேரியம் கார்பனேட்டாகவும் சீரியம் ஆக்சைடாகவும் பிரிந்துபோனது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெங்கடராமன் தங்கதுரையின் ஆய்வுக்குழு இந்த முடிச்சில் கைவைத்தது. 2013இல் அக்குழு, பேரியத்தில் பாதிக்கு ஸ்ட்ரான்சியத்தை இட்டு, சீரியத்தின் இடங்களில் ஒரு பகுதியைச் சிர்க்கோனியம், கடோலினியம், இட்ரியம் ஆகியவற்றால் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் தாங்கும் பீங்கானை அறிவித்தது. ராமசாமி முருகன், வெர்னர் வெப்னர் ஆகியோருடன் தங்கதுரை 2007இல் வெளியிட்ட லித்தியம் கார்னெட் பீங்கான், திடநிலை மின்கல ஆய்வில் பெரும்புகழ் பெற்றது. ஈரக்காற்றில் அதன் மேற்பரப்பிலும் லித்தியம் கார்பனேட் படிகிறது என்பது இதே சிக்கலின் இன்னொரு முகம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், கடத்துதிறனுக்கும் சிதையாத உறுதிக்கும் இடையிலான இந்த வேறுபாடு நடைமுறைக் கேள்வியாகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் தொட்டு வளர்ந்த நூற்பாலைகளுக்கு ஷிப்டு ஷிப்டாகத் தடையற்ற மின்சாரம் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, ஸ்ரீவில்லிபுத்தூரின் கறவை மாட்டு வளத்தைச் சார்ந்தது. மாடு இருக்கும் இடத்தில் சாண எரிவாயுவுக்கு வழியுண்டு. அவ்வாயுவில் மீத்தேன் சுமார் 60 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, கூடவே சிறிது ஹைட்ரஜன் சல்பைடு. ஆய்வகத்தின் தூய ஹைட்ரஜனில் சாதனை படைக்கும் பீங்கான் இந்தக் கலவையில் நிலைக்காமல் போகலாம். கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கப்பட்ட கலசலிங்கம் கல்வி நிறுவனம் போன்ற உள்ளூர் ஆய்வகங்கள் பீங்கான்களைச் சோதிக்கவேண்டியதும் இத்தகைய வாயுக்களில்தான்.

உறுதியை முன்னிறுத்தும் இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். உறுதி மட்டும் போதுமெனில் உலைச் செங்கல்லும் மின்பகுளி ஆகிவிடுமே என்பது முதலாவது. உறுதிமிக்க பேரியம் சிர்க்கோனேட்டின் மணி எல்லைகள் (படிகத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) புரோட்டான்களைத் தடுப்பதும், அதைக் கெட்டிப்படச் சுட 1600 டிகிரி செல்சியசுக்கு மேல் தேவைப்படுவதும் உண்மை. ஆனால் இக்குறைகள் சுடும் முறையும் கலப்பும் மாறினால் குறைபவை. சீரேட்டையும் சிர்க்கோனேட்டையும் கலந்து, இட்டர்பியமும் சேர்த்து 2009இல் அமெரிக்காவில் உருவான பீங்கான் இதைக் காட்டியது. போதிய கடத்துதிறன் என்பது நுழைவுத் தகுதி. அதைத் தாண்டியபின் தேர்வு உறுதியின் கையில். தென்மாவட்டங்களில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிவாக இருக்க, எரிபொருள் கலம் எதற்கு என்பது இரண்டாவது. காற்று ஓயும் மாதங்களும் இரவுகளும் ஆலைக்கு உண்டு. மிகுதியான காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு இதே கலத்தை எதிர்த்திசையில் இயக்கி, நீராவியிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துச் சேமிக்கவும் முடியும். அப்போது பீங்கானைச் சூழ்வது அடர்ந்த நீராவி. பேரியம் சீரேட்டை ஹைட்ராக்சைடாகச் சிதைப்பதும் அதுவே. ஆக, இரண்டாவது மறுப்பும் உறுதியின் தேவையையே கூட்டுகிறது. புதிய பீங்கானை மதிப்பிடும் அட்டவணையில் கடத்துதிறனுக்கு முன்பாக, எந்த வாயுவில் எத்தனை மணி நேரம் அது தாங்கியது என்ற எண் இடம்பெறுவதே முறை.